ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுங்க

2009-ல் ஒரு இரவு. ஒன்பது மணி இருக்கும். திருப்பூரிலிருந்து போன். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் அக்கா பேசினார். "தம்பி, சேவ் அமுக்கினேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுங்க. மறுக்காவும் அமுக்கிப் பாத்தேன். அப்பவும் ஒண்ணும் சொல்லலீங்க."

நான் அப்போது கோவையில், ஆறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் ஓர் அலுவலகத்தில் பி.எச்.பி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை அந்தக் கம்பெனியின் கணக்கைப் பிரவுசரிலேயே பதியும் செயலி எங்கள் கைவேலை. "பதிவாகியிருக்கும்க்கா, காலையில பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால், சாயப்பட்டறைக்குப் போன 480 கிலோ துணி கணக்கில் 960 கிலோவாக நின்றது. ஒரே நிமிடத்தில் இரண்டு சலான். பட்டறைக்காரர் "மீதித் துணி எங்கேன்னு என்னையக் கேக்கறாங்க" என்று சத்தம் போட, முதலாளி அக்காவைத் திட்ட, அக்கா எனக்குத் திரும்பவும் போன் செய்ய, பாதி நாள் அதிலேயே போனது. அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை. பேச்சுக்குப் பதில் வராவிட்டால் யாரும் இன்னொரு முறை கூப்பிடத்தான் செய்வார்கள். அவர் கூப்பிட்டார், என் செயலி வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பாடம். செயலி பயனரிடம் பேசும் அந்த ஒரு வரியை, 'பதிவாயிற்று', 'பதிவாகவில்லை' என்கிற அந்தச் சின்ன வாசகத்தை, வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒட்டுகிற லேபிள் என்றுதான் நினைத்திருந்தேன். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்குக் கேட்டால், வேலையே அந்த வரிதான் என்பேன்.

ஜேக்கப் நீல்சன் என்ற பயன்பாட்டு நிபுணர் 1993-ல் வந்த தம் புத்தகத்தில் மூன்று எல்லைகளைச் சொல்லியிருந்தார். பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால், நாம் தொட்டதும் நடந்ததாக மனசு எடுத்துக்கொள்ளும். ஒரு விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து விநாடி தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும். அந்த இரவு திருப்பூரின் இணைப்பில் சலான் பதிவாகப் பத்து விநாடிக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் பொத்தான் பழையபடியே, 'என்னை அமுக்கு' என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றது.

மருந்து கடினமில்லை. அமுக்கியதும் பொத்தான் மங்கி 'பதிவாகிறது...' என்று மாற வேண்டும். அது மட்டும் போதாது. படிவத்தோடு ஒரு முறைக்கு மட்டும் செல்லும் டோக்கன் எண் ஒன்றை அனுப்பி, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிய சலான் போடக் கூடாது. முன்னது ஆளுக்குச் சொல்லும் பதில். பின்னது கணக்குக்குப் போடும் பூட்டு. இரண்டும் வேண்டும்.

பதில்தானே வேண்டும் என்று அடுத்து நான் செய்தது இன்னொரு தப்பு. ஜாவாஸ்கிரிப்ட் 1995-ல் நெட்ஸ்கேப் பிரவுசரோடு பிறந்த மொழி. அதில் 'அலர்ட்' என்று ஒரு சொல் எழுதினால் போதும், நடுத்திரையில் பெட்டி வந்து நிற்கும். 'ஓகே' கொடுக்கும் வரை அந்தப் பக்கத்தில் எதுவும் அசையாது. இதைவிட உறுதியான பதில் எது என்று ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அலர்ட் வைத்தேன். யாரும் புகார் சொல்லவில்லை. வெற்றி என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் திருப்பூர் போனபோது அக்காவின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். இடது கையில் சலான் கட்டு, வலது கை எண் பலகையில். கண் திரைக்குப் போவதே இல்லை. எண்ணைத் தட்டுகிறார், எண்டர். உடனே இன்னொரு எண்டர். டக்-டக். முதல் எண்டர் பதிவுக்கு, இரண்டாவது என் அலர்ட்டைத் துரத்துவதற்கு. நடுவில் ஒரு முறை பெட்டியில் வந்தது 'பதிவாயிற்று' இல்லை. 'லாட் எண் தவறு, பதிவாகவில்லை'. அதற்கும் டக்-டக்தான். அந்தச் சலான் கணக்கிலேயே ஏறவில்லை, அவருக்கும் தெரியாது. நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் ஒரே பெட்டி, ஒரே சத்தம், ஒரே பொத்தான். ஒரு நாளைக்கு முந்நூறு முறை 'சரி' சொல்ல வைத்தால் முந்நூற்று ஒன்றாவது முறையும் கை தானாகச் 'சரி' சொல்லும். கெட்ட சேதியைப் படிக்காமல் தள்ளிவிட அவரைப் பழக்கியவன் நான்தான்.

பல வருடம் கழித்து, 2018 ஜனவரி 13 காலையில், ஹவாய்த் தீவுகளை நோக்கி ஏவுகணை வருகிறது என்று அங்குள்ள மக்களின் போனுக்கெல்லாம் தவறான எச்சரிக்கை போனது. அது பொய் என்று மறு செய்தி அனுப்ப 38 நிமிடம் ஆனது. விசாரித்த அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் எடுத்துக்காட்டிய குறைகளில் ஒன்று என் நெஞ்சில் தைத்தது: அனுப்பும் முன் 'உறுதியா?' என்று மென்பொருள் கேட்ட வாசகம், ஒத்திகைக்கும் உண்மையான எச்சரிக்கைக்கும் ஒன்றாகவே இருந்தது. அதைப் படித்தபோது டக்-டக் சத்தம் காதில் கேட்டது.

அதனால்தான், 'உறுதியா?' என்று கேட்பதைவிடச் செய்துவிட்டு 'திரும்ப எடு' என்று வழி விடுவது மேல் என்ற கட்சிக்கு வந்து சேர்ந்தேன். ஜிமெயில் 2009-ல் சோதனை வசதியாகக் கொண்டுவந்து, 2015-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட 'அனுப்பியதைத் திரும்பப் பெறு' அந்த வகைதான். சில விநாடி அஞ்சலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மனிதனுக்குத் தன் தப்பு தெரிவது பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் அல்ல, அமுக்கிய அடுத்த விநாடியில். பதிவை நீக்கும் இடத்திலெல்லாம் இப்போது இதைத்தான் வைக்கிறேன்.

திருப்பூருக்கே திரும்புகிறேன். அலர்ட்டை எடுத்துவிட்டுப் பக்கத்தின் தலையில் பச்சைப் பட்டை ஒன்று வைத்தோம். பதிவான பிறகு சர்வர் பிரவுசரை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும். அப்படித் திருப்பாவிட்டால் யாராவது எஃப்5 தட்டும்போது அதே படிவம் மறுபடி போய்ச் சேரும். 480 மறுபடி 960 ஆகும். ஆனால் திருப்பிவிட்டால், புதிய பக்கத்துக்குப் பழைய பக்கத்தில் நடந்தது தெரியாது. சேதியை எப்படிக் கொண்டுபோவது? நான் கண்ட குறுக்குவழி, பக்க முகவரியின் வாலில் சேதியை அப்படியே ஒட்டி அனுப்புவது. புதிய பக்கம் வாலில் இருப்பதை எடுத்துப் பச்சைப் பட்டையில் காட்டும்.

ஒரு சனிக்கிழமை மதியம் அந்தக் கம்பெனியின் செக்கிங் பிரிவில் ஒரே கூத்து. செயலியின் பச்சைப் பட்டையில் 'இன்று மாலை 3 மணிக்கு மேல் அனைவருக்கும் விடுமுறை' என்று வந்திருக்கிறது. பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு பையன் முகவரியின் வாலைத் திருத்தி, அதை அப்படியே மற்றவர்களுக்கு மெயிலில் அனுப்பியிருந்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொடியனுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றார். அவன் விடுமுறை வாசகத்தோடு நிறுத்தியது என் அதிர்ஷ்டம். அதே வாலில் ஒரு துண்டு நிரலை ஒட்டியிருந்தால், முதலாளியின் லாகினையே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். வெளியிலிருந்து வரும் எந்த எழுத்தையும் வடிகட்டாமல் திரையில் போடாதே என்ற பாடத்தை நான் ஒரு விளையாட்டுப் பையனிடம் கற்றேன்.

அதற்குப் பிறகுதான் 'ஃபிளாஷ்' என்று நாங்கள் சொல்லும் முறைக்கு ஒழுங்காக வந்தேன். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகம் பரவலாக்கிய பெயர் அது. இன்று பல சட்டகங்களிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. சேதியை முகவரியில் எழுதாமல் பயனரின் செஷனில், அதாவது அவருக்கென்று செயலி வைத்திருக்கும் தற்காலிக நினைவில், வைத்துவிட வேண்டும். அடுத்த பக்கம் அதை எடுத்துக் காட்டியதும் அழிந்துவிடும். கோயிலில் பிரசாத டோக்கனை வாங்கிக் கிழித்துப் போடுகிற மாதிரி. ஒரு முறைதான் செல்லும்.

ஒழுங்கான முறைதான். அதிலும் விழுந்தேன். விழுந்த இடம் தமிழ்.

அந்தச் செயலியில் மொழியை மாற்றிக்கொள்ளலாம். முதலாளி ஆங்கிலத்தில் பார்ப்பார், அக்கா தமிழில். எக்செல் கோப்பிலிருந்து லாட் பட்டியலை ஏற்றும் வசதி ஒன்று செய்து கொடுத்தோம். பிழையான வரிசைகளைப் பட்டியலிட்டு மேலே காட்டும்: 'வரிசை 14: எடை இல்லை' என்கிற மாதிரி. முதலாளி ஏற்றினால் பட்டியல் வரும். அதே கோப்பை அக்கா ஏற்றினால் ஒன்றுமே வராது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மறுபடி அதே போன்: "ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுங்க."

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கோப்பு ஒன்று, சர்வர் ஒன்று, நிரல் ஒன்று. மொழி மட்டும் வேறு. கடைசியில் காரணம் எண்ணிக்கையில் இருந்தது. எங்கள் அமைப்பு செஷனை முழுவதும் குக்கியில், அதாவது பிரவுசரிலேயே இருக்கும் ஒரு சின்னக் குறிப்பில், வைத்திருந்தது. ஒரு குக்கிக்குப் பிரவுசர் கொடுக்கும் இடம் ஏறத்தாழ 4096 பைட். ஆங்கில எழுத்து ஒன்று அதில் ஒரு பைட்தான் பிடிக்கும். தமிழ்க் குறி ஒன்று யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். குக்கியில் எழுதும்போது அந்த ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக மறுபடி மூன்றாகும். ஆக, ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது. அதுவும் நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் 'சே' கணினிக்கு ச ஒன்று, கொம்பு ஒன்று என இரண்டு குறி. 'சேமிக்க' என்ற சொல்லில் ஏழு குறி. குக்கியில் 63 பைட்.

'வரிசை 14: எடை இல்லை' என்ற வரி 125 பைட் பிடித்தது. அதன் ஆங்கில வாசகம் இருபதைத் தாண்டவில்லை. பிழை முப்பது வரிசையைத் தாண்டியதும் அக்காவின் குக்கி நிரம்பி வழிந்தது. நிரம்பிய குக்கியைப் பிரவுசர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்கவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. பிழையைச் சொல்லும் சேதியே பிழையால் செத்துப்போனது; அது செத்ததைச் சொல்ல ஆள் இல்லை. செஷனைத் தரவுத்தளத்துக்கு மாற்றினேன். நீண்ட பட்டியலை ஃபிளாஷில் வைக்காமல், '37 வரிசைகளில் பிழை. பட்டியலைப் பார்க்க' என்று தனிப் பக்கத்துக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து எந்தச் சேதியையும் முதலில் தமிழில்தான் சோதிக்கிறேன். தமிழ் தாங்கினால் ஆங்கிலம் தாங்கும்.

பிறகு காலம் மாறியது. திரையின் மூலையில் மணி ஐகான் வைப்பது வழக்கமானது. அது முப்பது விநாடிக்கு ஒரு முறை 'புதிதாக ஏதாவது உண்டா?' என்று சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கும். சில நாள் ஃபிளாஷ் சேதிகள் காணாமல் போயின. பார்த்தால், 'அடுத்த முறை யார் வந்தாலும் கொடு' என்று வைத்த டோக்கனை, பக்கம் வருவதற்குள் மணி வாங்கித் தின்றிருந்தது. புதிய சேதி கேட்க வந்தது பழைய சேதியை விழுங்கிப் போனது. பயனர் பார்க்கும் பக்கத்துக்கு மட்டுமே டோக்கனைக் கொடு என்று திருத்தினோம்.

2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்-இல் ஓடும், மோடம் செத்துக் கிடக்கும். சேவ் அமுக்கினால் கோரிக்கை வெளியே போகாது. தோற்றால் என்ன சொல்வது என்று நான் எழுதியிருக்கவே இல்லை. வென்றால் சொல்வதை மட்டும் எழுதியிருந்தேன். அப்போது எழுதிய வாசகம் இன்றும் என் எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது: 'இணைப்பு இல்லை. நீங்கள் எழுதியது இங்கேயே இருக்கிறது. இணைப்பு வந்ததும் மறுபடி அமுக்குங்கள்.' மூன்று வாக்கியம். என்ன நடந்தது, என் பொருள் பத்திரமா, இனி நான் என்ன செய்ய. கஷ்டத்தில் இருப்பவர் கேட்பது இந்த மூன்றையும்தான். நடுவில் இருப்பதைத்தான் நாம் எப்போதும் மறக்கிறோம்.

அப்புறம் டோஸ்ட் வந்தது. டோஸ்டரிலிருந்து ரொட்டி எழும்புவது போல ஓரத்தில் எழும்பி, தானாக மறையும் சேதி. ஆண்ட்ராய்டில் அது குறுகியது இரண்டு விநாடி, நீண்டது மூன்றரை விநாடி. அழகாக இருக்கும், யார் கையையும் நிறுத்தாது. ஆனால் அக்காவின் கண் சலானில் அல்லவா இருக்கிறது? அவர் நிமிர்வதற்குள் ரொட்டி உள்ளே போய்விடும். எனவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். 'பதிவாயிற்று' மறையலாம், 'பதிவாகவில்லை' மறையக் கூடாது. அது எந்தக் கட்டத்தில் பிழையோ அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே, திருத்தும் வரை நிற்க வேண்டும். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பாமல் சொல்லாலும் சொல்ல வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

கண்ணே தெரியாதவருக்கு? வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் என்.வி.டி.ஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் கொண்டு கணினியை ஓட்டுபவர். என் செயலி ஒன்றை அவரிடம் கொடுத்தேன். படிவத்தைக் கடகடவென்று நிரப்பி, சேவ் அமுக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. திரையில் என் டோஸ்ட் பளபளவென்று எழும்பி மறைந்தது. "அமுக்கிட்டேன் சார். ஆச்சா?" என்றார். 2009-இன் அந்த இரவு திரும்பி வந்தது.

விஷயம் எளியது. பக்கத்தில் புதிதாக ஓர் எழுத்து முளைத்தால் திரைவாசிப்பான் தானாகப் படிக்காது. 'இந்த இடத்தில் சேதி வரும், வந்தால் படி' என்று அந்த இடத்துக்குக் குறி போட்டு வைக்க வேண்டும். குறி இரண்டு வகை. 'ஸ்டேட்டஸ்' என்றால், படித்துக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுச் சொல்லும். 'அலர்ட்' என்றால் குறுக்கே புகுந்து சொல்லும். நான் முதலில் எல்லாவற்றுக்கும் 'அலர்ட்' போட்டேன். நண்பர் "உங்க செயலி வாயாடி" என்றார். இன்னொரு நுணுக்கமும் அவரிடமே கற்றேன். சேதியோடு சேர்த்து அந்த இடத்தையும் புதிதாக உருவாக்கினால் பல சமயம் படிக்காமல் போகும். காலி இடத்தை முன்பே பக்கத்தில் வைத்திருந்து, பிறகு எழுத்தை அதில் ஊற்ற வேண்டும். 2018-ல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி 2.1 அணுகல் விதிகள் இத்தகைய நிலைச் சேதிகளுக்கென்று தனி விதியே வைத்திருக்கின்றன, எண் 4.1.3. நான் அதைப் படித்தது, ஆச்சா என்று அவர் கேட்ட பிறகுதான்.

கடைசியாகச் சொற்கள். ஆங்கிலச் சேதியைத் தமிழாக்கிக் கொடுங்கள் என்றால் 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று வரும். வெற்றிகரமான நூறாவது நாள் என்று சினிமா போஸ்டரில்தான் பார்த்திருக்கிறேன். சலான் பதிவதில் என்ன வெற்றி? 'பதிவாயிற்று' போதும். 'செல்லுபடியாகாத உள்ளீடு' என்பதைப் பார்த்து அக்கா, "உள்ளீடுன்னா என்னங்க தம்பி?" என்று கேட்டார். 'மொபைல் எண்ணில் 9 இலக்கம்தான் இருக்கிறது. 10 வேண்டும்' என்று மாற்றினேன். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

நிரலாளர்கள் செய்யும் இன்னொரு குற்றம் ஒட்டுவேலை. பெயரை ஒரு பக்கம், வேற்றுமை உருபை ஒரு பக்கம் வைத்து நிரலில் ஒட்டுவது. ஆங்கிலத்துக்கு அது ஒத்துவரும். தமிழில் 'மரம்-ஐ நீக்கவா?', 'கிடங்கு-இல் 1 பெட்டிகள் உள்ளன' என்று பல்லிளிக்கும். மரம் மரத்தை ஆகும், கிடங்கு கிடங்கில் ஆகும். நிரலுக்கு அது தெரியாது. நான் கண்ட வழி, பெயரைத் தொடாமல் தனியே நிறுத்தி வாக்கியத்தைத் திருப்புவது. 'நீக்கப்போவது: லாட் 42. நீக்கவா?' 'கிடங்கு: அவிநாசி ரோடு. பெட்டி: 1.' ரசீது எழுதும் கணக்குப்பிள்ளை காலங்காலமாகச் செய்வது இதுதான்.

இந்தக் கதையையெல்லாம் என்னிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். சொல்லிவிட்டு ஒரு வேலை கொடுப்பேன். செயலி முடிந்தது என்று வரும்போது மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டு 'சேவ் அமுக்கு' என்பேன். திரை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒன்றும் சொல்லாவிட்டால் செயலி முடியவில்லை.

நீங்களும் செயலி எழுதுகிறவராக இருந்தால், இன்றைக்கே ஒரு முறை ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள்.